பிரித்தானிய றொக் இசையும் இரசிகர் தரவரிசையும்: ஒரு நோக்கு

கலைப் படைப்புகளை ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணிட்டு நிரைப்படுத்தும் வழக்கம் திறனாய்வாளரிடத்து நன்மதிப்புப் பெற்ற ஒன்றன்று. ஒரு பாடல் மற்றொரு பாடலிலும் எத்தனை படி உயர்ந்தது எனக் கேட்பது பொருளற்ற வினாவாகவே அவர்களுக்குத் தோன்றும். சங்கச் செய்யுள்களைத் தொகுத்த நம் முன்னோரும் அடியளவும் திணையும் நோக்கித் தொகை வகுத்தனரேயன்றி, நானூறு பாடல்களுள் தலைசிறந்தது எது, கடைப்பட்டது எது எனத் தரம் பிரித்தாரல்லர். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரித்தானியாவில் வளர்ந்த றொக் இசையைப் பொறுத்தவரையில் எண்ணிட்ட பட்டியல் அவ்விசையோடு கூடவே வளர்ந்து வந்துள்ளது. தமக்கு உவப்பான பாடல்களை வரிசைப்படுத்துவதும், அவ்வரிசையை நண்பரோடு பகிர்ந்துகொள்வதும், ஒரு பாடல் ஏன் முதலாவதாகவும் மற்றொன்று ஏன் மூன்றாவதாகவும் அமைதல் வேண்டும் என வாதிடுவதும் அவ்விசை இரசிகரின் நாளாந்த வழக்கங்கள்.

இவ்வழக்கத்தை இளையோரின் வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் யார் மதிப்பிடுகின்றனர், எதனை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுகின்றனர், அம்மதிப்பீட்டாற் பயனடைவோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பும்பொழுது இது கலையை மதிப்பிடும் உரிமை பற்றிய ஒரு பிரச்சினையாக மாறிவிடுகின்றது. பிரித்தானிய றொக் இசையின் வரலாற்றில் இருவகைப் பட்டியல்கள் அருகருகே இயங்கி வந்துள்ளன. ஒன்று, விற்பனையை எண்ணி வணிக உலகு வெளியிடும் பட்டியல். மற்றையது, இரசிகர் தாமே தெரிந்து தாமே அமைக்கும் பட்டியல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே வெகுசன இரசனை பற்றிய பல முடிவுகள் தவறாகின்றன. இவற்றுக்கிடையேயுள்ள வேறுபாட்டையும், இரண்டாம் வகைப் பட்டியலின் ஆற்றலையும் குறைபாட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விற்பனைப் பட்டியலின் தோற்றத்தை நோக்குதல் தகும். 1952ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்னும் வார ஏடு பிரித்தானியாவின் முதலாவது இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. அதற்கு முன்னர் ஒரு பாட்டின் செல்வாக்கு, அதன் இசைக்குறிப்புத் தாள் எத்தனை விற்பனையாயிற்று என்பதைக் கொண்டே அளக்கப்பட்டது. புதிய பட்டியலுக்குரிய தகவல்கள் ஏறத்தாழ இருபது கடைகளுக்குத் தொலைபேசி மூலம் பேசித் திரட்டப்பட்டன. அமெரிக்கப் பாடகர் அல் மாட்டினோ முதலிடம் பெற்றார். விளம்பரம் தேடிய ஒரு வார ஏட்டின் வியாபார உத்தியே பின்னர் நாட்டின் இரசனையை அளக்கும் கருவியாக மதிக்கப்படலாயிற்று என்பது மனங்கொளத்தக்கது.

இவ்வளர்ச்சிக்கு ஏற்ற சமூகப் பின்னணியும் அக்காலத்தில் உருவாகியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வேலைவாய்ப்புப் பெருகியது. தொழிலாளர் குடும்பத்து இளையோர் முதன்முறையாகத் தம் கையிற் சிறிதளவு பணத்தைக் கண்டனர். கட்டாய இராணுவ சேவைக்கு ஆளெடுப்பது 1960ஆம் ஆண்டோடு நின்றது. சிறிய இசைத்தட்டு அவர்களால் வாங்கக்கூடிய விலையிற் கிடைத்தது. லிவர்பூல் போன்ற துறைமுக நகரங்களில் அமெரிக்க இசை ஆழமாக வேரூன்றியது. 1956இல் லொனி டொனிகன் பாடிய 'றொக் ஐலண்ட் லைன்' பெற்ற வெற்றியைக் கண்டு, விலை குறைந்த கிற்றாரும் சலவைப் பலகையும் கொண்டு இசைக்குழு அமைத்த சிறுவர் பலர். அவருள் ஒருவரே பின்னர் பீற்றில்ஸ் குழுவை உருவாக்கிய ஜோன் லெனன்.

இவ்விளையோரின் இரசனையைக் கற்றறிந்தோர் எவ்வாறு நோக்கினர்? தாமே லீட்ஸ் நகரத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த றிச்சட் ஹோகாட், 1957இல் வெளிவந்த 'எழுத்தறிவின் பயன்கள்' என்னும் நூலில், பாற்சாலைகளிற் குழுமி நாணயமிட்டு இசைத்தட்டுக் கேட்கும் இளைஞரைக் கவலையோடும் வெறுப்போடும் வருணித்தார். வேரூன்றிய தொழிலாளர் பண்பாடு அழிவதற்கு அவர்கள் அடையாளமாக அவருக்குத் தோன்றினர். இதற்கு முன்னரே, 1941இல், ஜேர்மன் சிந்தனையாளர் தியோடோர் அடோர்னோ, வெகுசன இசை ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பண்டம் என்றும், கேட்போர் தாம் தெரிவு செய்வதாக எண்ணுவது மயக்கமே என்றும் வாதிட்டிருந்தார். அவர் பேசியது றொக் இசைக்கு முற்பட்ட அமெரிக்கப் பாடல்களைப் பற்றியாயினும், அவ்வாதம் பின்னர் றொக் இசையின் மீதும் சுமத்தப்பட்டது. மறுபுறத்தில் 1963ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் 'ரைம்ஸ்' நாளிதழின் இசை விமர்சகர் வில்லியம் மான், லெனனையும் போல் மக்காட்னியையும் அவ்வாண்டின் தலைசிறந்த ஆங்கிலேய இசையமைப்பாளர்கள் எனப் பாராட்டினார். சாஸ்திரிய இசைக்குரிய கலைச்சொற்களைக் கொண்டே அவர் அப்பாடல்களை விளக்கினார். பழித்தோரும் புகழ்ந்தோரும் ஒரு விடயத்தில் ஒத்திருந்தனர். இசையைக் கேட்ட இளையோர் எதனைத் தெரிந்தனர், ஏன் தெரிந்தனர் என்பதை எவரும் அவர்களிடமே கேட்கவில்லை.

அவர்களின் விருப்பத்தை அறிந்துவிட்டதாக உரிமை கோரியது விற்பனைப் பட்டியல் மாத்திரமே. அவ்வுரிமை எத்துணை வலுவற்றது என்பதற்குச் சில சான்றுகள் சாலும். 1963இன் தொடக்கத்தில் வெளிவந்த பீற்றில்ஸ் குழுவின் 'பிளீஸ் பிளீஸ் மீ', நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், மெலடி மேக்கர் ஆகிய ஏடுகளின் பட்டியல்களில் முதலிடம் பெற்றது. 'றெக்கோட் றீற்றெயிலர்' என்னும் வணிக ஏட்டின் பட்டியலிலோ இரண்டாம் இடமே பெற்றது. அக்காலத்துக்குரிய அதிகாரபூர்வமான வரலாறாகப் பிற்காலத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது பின்னைய பட்டியலாதலின், 2000ஆம் ஆண்டில் அக்குழுவின் முதலிடப் பாடல்களைத் திரட்டி வெளியிட்ட தொகுப்பில் அப்பாடல் இடம்பெறவில்லை. இவ்வாறே 1967இல் 'பெனி லேன்', 'ஸ்ரோபெரி பீல்ட்ஸ் போரெவர்' ஆகிய இரு பாடல்களையும் இரு பக்கங்களிற் கொண்ட இசைத்தட்டு, எங்கெல்பேட் ஹம்பர்டிங் பாடிய 'றிலீஸ் மீ' என்னும் மெல்லிசைப் பாட்டினால் இரண்டாம் இடத்தில் நிறுத்தப்பட்டது. எந்தக் கடைகளைக் கேட்பது, எவ்வாறு எண்ணுவது என்னும் நடைமுறைத் தீர்மானங்களே முதலாவது எது, இரண்டாவது எது என்பதைத் தீர்மானித்தன. பீ.பீ.சி.யும் வணிக ஏடும் இணைந்து பொதுவான ஒரு பட்டியலை ஆய்வு நிறுவனமொன்றின் மூலம் தயாரிக்கத் தொடங்கியது 1969இலேயே ஆகும்.

பொதுப் பட்டியல் வந்த பின்னரும் ஐயம் தீர்ந்துவிடவில்லை. 1977ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியின் வெள்ளி விழா கொண்டாடப்பட்டது. அதே வாரத்தில் செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவின் 'கோட் சேவ் த குயீன்' என்னும் பாடல் விற்பனையில் உச்சத்தை எட்டியது. முடியாட்சியை எள்ளிய அப்பாடலைப் பீ.பீ.சி. ஒலிபரப்ப மறுத்தது. அதிகாரபூர்வப் பட்டியலில் அது இரண்டாம் இடத்திலும் றொட் ஸ்ருவேட்டின் பாடல் முதலிடத்திலும் காணப்பட்டன. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பட்டியலோ பிஸ்ரல்ஸ் பாடலையே முதலிடத்தில் வைத்தது. அதிகாரபூர்வப் பட்டியல் வேண்டுமென்றே மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டு இன்றளவும் நிறுவப்படவில்லை. ஆயினும் அவ்வையம் இரசிகரிடையே நிலைத்துவிட்டமை முக்கியமானது. எண்கள் நடுநிலையானவை என்னும் நம்பிக்கை அவ்வாரத்தில் ஆட்டங்கண்டது.

விற்பனைப் பட்டியலின் அடிப்படையான குறை அதன் கணக்கிற் பிழை நேர்வது மட்டுமன்று. சரியாக எண்ணினாலும் அது எண்ணுவது வாங்குதலை மாத்திரமே. ஒருவர் ஒரு வாரத்தில் வாங்கி அடுத்த மாதத்தில் மறந்துவிட்ட பாட்டும், பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் கேட்ட பாட்டும் அதனிடத்தில் ஒரே பெறுமதியுடையன. தனி இசைத்தட்டாக வெளியிடப்படாத பாடலுக்கு அப்பட்டியலில் இடமே இல்லை. இரசனை என்பது காலத்தில் நிலைபெறும் ஓர் உறவு. அதனை அளக்க வேறொரு வழி தேவைப்பட்டது.

அத்தகைய வழியொன்றைத் திறந்தவர் ஒலிபரப்பாளர் ஜோன் பீல் எனலாம். லிவர்பூலுக்கு அண்மையிலுள்ள ஹெஸ்வோலில் 1939இற் பிறந்த இவர், 1967இல் கடலில் நங்கூரமிட்ட கப்பலொன்றிலிருந்து அனுமதியின்றி இயங்கிய 'றேடியோ லண்டன்' நிலையத்தில் நள்ளிரவு நிகழ்ச்சியொன்றை நடத்தினார். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட சட்டத்தினால் அக்கப்பல் வானொலிகள் முடக்கப்பட்டன. அவற்றின் நேயர்களைக் கவரும் நோக்குடன் பீ.பீ.சி. செப்டெம்பர் 30ஆம் திகதி 'றேடியோ வண்' என்னும் சேவையை ஆரம்பித்தபோது பீல் அதிற் சேர்ந்தார். 2004ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். 1976ஆம் ஆண்டு நத்தார் காலத்தில், எக்காலத்துக்கும் உரிய தம் விருப்பப் பாடல்களைத் தெரிந்து அஞ்சலில் அனுப்புமாறு நேயர்களை அவர் கேட்டார். வந்த வாக்குகளைக் கூட்டி ஐம்பது பாடல்களை நிரைப்படுத்தி, இறுதியிலிருந்து முதலாவது வரை ஒலிபரப்பினார். 'பெஸ்ரிவ் பிவ்ரி' எனப் பெயர்பெற்ற இவ்வரிசை பிரித்தானிய றொக் இரசிகரின் மதிப்பீட்டு வரலாற்றை அறிவதற்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும். பிறநாட்டுப் பாடல்களும் அதில் இடம்பெற்றனவெனினும் அதன் முதலிடங்களைப் பெரும்பாலும் பிரித்தானியக் குழுக்களே பெற்றன.

1976ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது லெட் செப்பலின் குழுவின் 'ஸ்ரெயர்வே ரு ஹெவின்'. 1971இல் வெளிவந்த இப்பாடல் ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் நீள்வது. மென்மையான நரம்பிசையில் தொடங்கிப் படிப்படியாக விரிந்து, முரசொலி இடையிலே புகுந்து, இறுதியில் உரத்த குரலாக உயர்ந்து மீண்டும் தனிக்குரலாக அடங்குவது. அது பிரித்தானியாவில் அக்காலத்தில் தனி இசைத்தட்டாக வெளியிடப்படவேயில்லை. ஆகவே விற்பனைப் பட்டியலின்படி அப்படியொரு பாடலே இல்லை. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பிய பிங்க் புளொயிட் குழுவின் 'எக்கோஸ்' என்னும் ஆக்கமும் அதே பட்டியலில் உயர்ந்த இடம் பெற்றது. மூன்று நிமிடப் பாட்டே இளையோருக்கு உகந்தது என வணிகர் கருதிய காலத்தில், நீண்ட வடிவத்தையும் பொறுமையான வளர்ச்சியையும் இரசிகர் உயர்வாக மதித்தனர் என்பதை இது காட்டுகின்றது. கேட்போர் தெரிவதில்லை, தெரிவதாக மயங்குகின்றனர் என்னும் அடோர்னோவின் முடிவு இவ்விடத்தில் மறுபரிசீலனைக்கு உரியதாகின்றது.

1977இல் வாக்கெடுப்பு நடத்தாது பீல் தாமே பட்டியலை அமைத்தார். 1978இல் மீண்டும் நேயரிடம் கேட்டபோது முதலிடம் செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவின் 'அனார்க்கி இன் த யூ.கே.' என்னும் பாடலுக்குச் சென்றது. 1976 நவம்பரில் வெளிவந்த அப்பாடலை வெளியிட்ட நிறுவனம், தொலைக்காட்சி நேர்காணலொன்றில் அக்குழுவினர் பேசிய தகாத சொற்களால் எழுந்த கண்டனத்தின் பின்னர், சில வாரங்களிலேயே அவர்களோடு தன் உடன்படிக்கையை முறித்துக்கொண்டது. விற்பனைப் பட்டியலில் அது 38ஆம் இடத்துக்கு மேற் செல்லவில்லை. அதே பாடலை ஈராண்டுகளின் பின் இரசிகர் தலைமேல் வைத்தனர். இம்மாற்றத்தை வெறும் பாணி மாற்றம் எனக் கொள்ளலாகாது. 1976ஆம் ஆண்டு பிரித்தானியா சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்ற ஆண்டு. வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைக் கடந்திருந்தது. இசைப் பயிற்சியும் விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்பட்ட நீண்ட ஆக்கங்களின் இடத்தில், மூன்றே சுரக்கோவைகளும் கோபக் குரலும் கொண்ட குறும்பாட்டு வந்து நின்றமைக்கு இச்சூழ்நிலையோடு நெருங்கிய தொடர்புண்டு. எவை அழகானவை என்ற மதிப்பீடே ஈராண்டுகளில் மாறிவிட்டதை இவ்விரு பட்டியல்களும் பதிவு செய்துள்ளன.

ஆனால் புரட்சிகரமான தெரிவும் விரைவிற் சம்பிரதாயமாகிவிடக் கூடியது. 1979, 1980 ஆகிய ஆண்டுகளிலும் அதே பாடலே முதலிடத்தில் நின்றது. 1981இல் ஜோய் டிவிஷன் குழுவின் 'அற்மொஸ்பியர்' அதனை விலக்கியது. மான்செஸ்ரர் வட்டாரத்தைச் சேர்ந்த அக்குழுவின் பாடகர் இயன் கேட்டிஸ் 1980 மே மாதத்தில், தமது 23ஆம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிரான்சில் ஏறத்தாழ 1,500 பிரதிகளே கொண்ட சிறு வெளியீடாக முதலில் வந்த பாட்டு, அவரது மறைவின் பின் ஒரு தலைமுறையின் கையறுநிலைப் பாடலாக மாறியது. அடுத்த ஆண்டு 'அனார்க்கி' மறுபடியும் முதலிடத்துக்கு மீண்டது. எக்காலத்துக்கும் உரிய பாடல்களைக் கேட்டால் ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே பாடல்களே வரும் என்பது தெளிவாயிற்று. ஆகவே, பின்வந்த பட்டியல்கள் அவ்வவ்வாண்டில் வெளியானவற்றுக்கே உரியன என வரையறுக்கப்பட்டன. தாம் உருவாக்கிய பட்டியல் ஒரு மண்டபமாக இறுகிவிடாமற் காப்பதற்குப் பீல் எடுத்த இம்முடிவு, திறனாய்வு நோக்கில் மிகவும் பொருள் பொதிந்ததாகும்.

இம்மாற்றத்தின் பயன் விரைவிலேயே தெரிந்தது. த ஸ்மித்ஸ் குழுவின் 'ஹவ் சூன் இஸ் நவ்?' என்னும் பாடல் 1984இல் வேறொரு பாடலைத் தாங்கிய இசைத்தட்டின் மறுபக்கத்தில், உதிரியாகச் சேர்க்கப்பட்டு வெளிவந்தது. நேயர் அதனை அவ்வாண்டின் முதற் பாடலாகத் தெரிந்தனர். 1985இன் தொடக்கத்திலேயே அது தனி வெளியீடாக வந்தது. 1986இல் முதலிடம் பெற்ற அக்குழுவின் 'தெயர் இஸ் எ லைற் தற் நெவர் கோஸ் அவுற்' பிரித்தானியாவில் 1992 வரை தனி இசைத்தட்டாகவே வெளிவரவில்லை. இன்று அவ்விரு பாடல்களும் பிரித்தானிய றொக் இசையின் சிறந்த ஆக்கங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. இவ்விடத்தில் இரசிகர், நிறுவனத்தார் புறக்கணித்ததை எடுத்து நிறுத்தும் திறனாய்வாளரின் பணியைச் செய்துள்ளனர்.

பட்டியலோடு பிணைந்த மற்றொரு செயல் பகிர்தல் ஆகும். 1976ஆம் ஆண்டு இலண்டனில் வங்கி எழுதுவினைஞராகப் பணியாற்றிய இளைஞர் மாக் பெரி 'ஸ்னிவின் குளூ' என்னும் சிற்றேட்டைத் தட்டச்சுப் பொறியிலும் நிறப்பேனாவிலும் எழுதிப் பிரதி செய்து விற்கத் தொடங்கினார். ஓராண்டுக்குள் அத்தகைய ஏடுகள் நாடெங்கும் தோன்றின. இவ்வேடுகள் இரசிகர் எழுதி இரசிகர் வாசித்தவை. எண்பதுகளில் வெற்று ஒலிநாடா பரவலாயிற்று. தான் தெரிந்த பாடல்களைக் கருத்தூன்றி வரிசைப்படுத்தி ஒலிநாடாவிற் பதிந்து, அட்டையில் தன் கைப்பட எழுதி நண்பருக்குக் கொடுப்பது ஒரு தனி வழக்காயிற்று. இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் இதனைத் திருட்டு எனக் கண்டித்துப் பிரசாரம் செய்தது. ஒலிநாடாவிலுள்ள வரிசையில் எண் இல்லை. எப்பாட்டின் பின் எப்பாட்டு வருதல் வேண்டும் என்ற எண்ணமே உண்டு. கொடுத்தவர், ஏன் இதனைத் தெரிந்தாய் என்று கேட்கப்படும்போது விடை கூறக் கடமைப்பட்டவர். காரணம் கூறும் இக்கடமையே இரசனையைத் திறனாய்வாக உயர்த்துகின்றது.

எனினும் இரசிகர் பட்டியலைக் குறையற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது. முதலாவதாக, 'பிரித்தானிய றொக்' என்னும் பெயரே பலவற்றை மறைக்கின்றது. றோலிங் ஸ்ரோன்ஸ் குழு தன் பெயரை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் மடி வோட்டர்ஸ் 1950இற் பாடிய பாட்டொன்றிலிருந்து பெற்றது. லெட் செப்பலின் 1969இல் வெளியிட்ட 'ஹோல் லொட்டா லவ்', வில்லி டிக்சன் எழுதி மடி வோட்டர்ஸ் பாடிய பாட்டொன்றிலிருந்து கடன்பட்டது. அதன் ஆசிரியருள் ஒருவராக டிக்சனின் பெயர் சேர்க்கப்பட்டது, அவர் தொடுத்த வழக்கு 1987இல் இணக்கமாக முடிந்த பின்னரேயாகும். இதற்கிடையில் அப்பாட்டின் வாத்திய வடிவமொன்று, பீ.பீ.சி. தொலைக்காட்சியின் வாராந்தத் தரவரிசை நிகழ்ச்சிக்கு எழுபதுகளிற் பல ஆண்டுகள் முகப்பிசையாக ஒலித்தது. வரிசையை அறிவித்த இசைக்கே உரியவரின் பெயர் மறைந்திருந்தமை வரலாற்றின் எள்ளலன்றி வேறென்ன? ஜிமி ஹென்ரிக்ஸ் அமெரிக்காவின் சியாற்றிலிற் பிறந்தவர். அவர்தம் குழுவோ 1966இல் இலண்டனில் உருவானது. 'பொஹீமியன் றப்சோடி' பாடிய பிரெடி மேர்க்குரி சன்சிபாரில் பார்சிக் குடும்பத்திற் பிறந்து இந்தியாவிற் பள்ளி சென்றவர். தேசத்தின் பெயரிட்ட பட்டியல் இவ்வழிகளையெல்லாம் ஒரே கொடியின் கீழ் மூடிவிடுகின்றது.

இரண்டாவதாக, மேலே எடுத்துக்காட்டிய முதலிடங்கள் யாவும் ஆண்கள் பாடியவை என்பது கவனத்துக்குரியது. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பொலி ஸ்ரைரீன், த ஸ்லிற்ஸ் குழுவினர் முதலிய பெண் கலைஞர்கள் அதே காலத்தில் அதே மேடைகளிற் பாடினர். நிறவெறிக்கு எதிராக 1978 ஏப்பிரலில் இலண்டன் விக்டோரியா பூங்காவில் நடைபெற்ற பெருங் கூட்டத்தில் த கிளாஷ் குழுவோடு எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவும் ஸ்ரீல் பல்ஸ் என்னும் கறுப்பினக் குழுவும் பங்குபற்றின. மேடையிற் காணப்பட்ட அப்பன்மை பட்டியலின் உச்சியிற் காணப்படவில்லை. நிக் ஹோண்பி 1995இல் எழுதிய 'ஹை பிடெலிற்றி' என்னும் நாவல், இலண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்தும் ஒருவர், எதனையும் ஐந்தைந்தாக வரிசைப்படுத்தும் பழக்கத்தின் பின்னால் தம் வாழ்க்கைத் தோல்விகளிலிருந்து ஒளிந்துகொள்வதைச் சித்திரிக்கின்றது. பட்டியல் அறிவின் வடிவமாவது போலவே, பிறரை வெளியே நிறுத்தும் வேலியாகவும் ஆகக்கூடும் என்பதை அந்நாவல் உணர்த்துகின்றது.

மூன்றாவதாக, இரசிகரின் வாதத்தையும் சந்தை தன் சரக்காக்கிக்கொள்ள வல்லது. 1995 ஓகஸ்ட் 14ஆம் திகதி பிளேர், ஒயாசிஸ் என்னும் இரு குழுக்களும் ஒரே நாளிற் புதிய பாடல்களை வெளியிட்டன. இதனைத் தெற்குக்கும் வடக்குக்கும், நடுத்தர வர்க்கத்துக்கும் தொழிலாளர் வர்க்கத்துக்கும் இடையிலான போராகப் பத்திரிகைகள் வருணித்தன. தேசியச் செய்தி அறிக்கைகளிலும் அது இடம்பெற்றது. பிளேரின் பாடல் ஏறத்தாழ 274,000 பிரதிகளும், ஒயாசிஸின் பாடல் ஏறத்தாழ 216,000 பிரதிகளும் விற்பனையாயின. வர்க்க முரண்பாடு ஒரு வார விற்பனைப் போட்டியாகச் சுருக்கப்பட்டது. இரு பாடல்களும் அக்குழுக்களின் சிறந்த ஆக்கங்கள் அல்ல என்ற கருத்து இரசிகரிடையே இன்று பரவலாக உண்டு. வென்றது எது என்ற ஆரவாரத்தில் நல்லது எது என்ற வினா மறைந்தமைக்கு இது தக்க உதாரணமாகும்.

காலம் இவ்வரிசைகளையெல்லாம் மாற்றிக்கொண்டேயிருக்கின்றது. அமெரிக்காவின் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை 2003இல் இசைக் கலைஞரும் விமர்சகரும் அளித்த வாக்குகளைக் கொண்டு வெளியிட்ட சிறந்த இசைத்தொகுதிகளின் வரிசையில் பீற்றில்ஸ் குழுவின் 'சார்ஜன்ற் பெப்பர்' முதலிடம் பெற்றது. 2020இல் புதிய வாக்காளரோடு மீண்டும் வரிசையிட்டபோது அது 24ஆம் இடத்துக்குச் சென்றது. தொகுதி மாறவில்லை, கேட்போர் மாறினர். கேற் புஷ் 1985இல் வெளியிட்ட 'றன்னிங் அப் தற் ஹில்' அப்போது மூன்றாம் இடம் பெற்றது. தொலைக்காட்சித் தொடரொன்றில் அது ஒலித்ததைத் தொடர்ந்து, 37 ஆண்டுகளின் பின் 2022இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை அடைந்தது. 2014 முதல் இணையவழிக் கேட்டலும் அப்பட்டியலிற் சேர்க்கப்படுவதால், வாங்குதலோடு கேட்டலும் எண்ணப்படுகின்றது. பழைய பாட்டைப் புதிய தலைமுறை மீட்டெடுக்க இது வழிவகுத்துள்ளது. ஆயினும் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதை அறியும் கருவி, ஏன் கேட்கப்பட்டது என்பதை அறியாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். வெகுசனம் இரசனையற்றது என்போரும், வெகுசனத்தின் தெரிவே தீர்ப்பு என்போரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இரு சாராரும் விற்பனைக் கணக்கையே மக்களின் குரலாகக் கொள்கின்றனர். தனி இசைத்தட்டாக வராத நீண்ட பாட்டையும், நிறுவனம் கைவிட்ட கோபக் குரலையும், மறுபக்கத்தில் ஒதுக்கப்பட்ட பாடலையும் தேடியெடுத்து உயர்த்திய அஞ்சலட்டைகள் வேறொரு கதையைக் கூறுகின்றன. கல்விக்கூடத்துப் பட்டமோ பத்திரிகையில் இடமோ இல்லாதோரும் கலையை மதிப்பிடும் ஆற்றலும் உரிமையும் உடையவர் என்பதே அக்கதை. அதே வேளையில், அவர்கள் அமைத்த வரிசை தன் விடுபாடுகளைத் தானே அறியாதது என்பதும் உண்மை. விடுபட்டோரின் பெயரை எடுத்துக் கூறும் கடமை அடுத்துக் கேட்போருக்கு உரியது.

2000ஆம் ஆண்டில், புத்தாயிரத்தை ஒட்டி, எக்காலத்துக்கும் உரிய பாடல்களை நேயரிடம் பீல் மீண்டும் ஒருமுறை கேட்டபோது 'அற்மொஸ்பியர்' முதலிடம் பெற்றது. அவர் தம் வாழ்நாள் முழுவதும் தமக்கு மிக உவப்பானதெனக் கூறிவந்த 'ரீனேஜ் கிக்ஸ்', வட அயர்லாந்தின் டெரி நகரத்து இளைஞர் குழுவான த அண்டர்ரோன்ஸ் 1978இல் வெளியிட்டது. அவர் நடத்திய வாக்கெடுப்புகளில் அது ஒருபோதும் முதலிடம் பெறவில்லை. அதனை முதலாவதாக்குமாறு அவர் நேயரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. நேயர் தெரிந்தது வேறாயினும் தம் விருப்பத்தை அவர் கைவிடவும் இல்லை. பிறரின் தெரிவை மதித்துக் கேட்டு, தன் தெரிவுக்குரிய காரணத்தையும் அஞ்சாது கூறும் இப்பண்பு இசைக்கு மாத்திரமன்றி எல்லாக் கலைகளின் திறனாய்வுக்கும் இன்றியமையாததாகும்.